நாடுகாணியின் உணவுப் பலகை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூரிலிருந்து தேவாலா வழியாகப் பந்தலூருக்குச் செல்லும் சாலையிலிருந்து வழிக்கடவு, நிலம்பூர் நோக்கி இறங்கும் மலைப்பாதை பிரிகின்ற இடத்தில் நாடுகாணி அமைந்துள்ளது. மேட்டுநிலத்தின் விளிம்பில் நின்று கீழே விரியும் நிலம்பூர்ச் சமவெளியை, அதாவது 'நாட்டை', காணக்கூடிய இடம் என்பதே இப்பெயரின் வெளிப்படையான பொருளாகும். கீழிருந்து ஏறிவரும் மலையாளிகள் இப்பாதையை 'நாடுகாணிச் சுரம்' என்கின்றனர். பழந்தமிழில் பாலை நிலத்தின் அருவழியைக் குறித்த 'சுரம்' என்னும் சொல், மலையாளத்தில் மலைக்கணவாயைக் குறிக்கும் சொல்லாக இன்றும் அன்றாட வழக்கில் நிற்கிறது. ஆங்கிலேயரின் மாவட்ட ஆவணங்கள் இதே பாதையைக் கார்க்கூர்க் கணவாய் என்று குறித்தன. அவர்கள் தென்கிழக்கு வயநாடு என்று அழைத்த இந்நிலப்பகுதி 1877 வரை மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, அவ்வாண்டில்தான் நீலகிரியோடு இணைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்தபோது மலபார் கேரளத்தின் பகுதியாயிற்று. கூடலூர்ப் பகுதியோ நீலகிரியின் பகுதியாகவே சென்னை மாநிலத்தில் நின்றது. ஆட்சி எல்லை இவ்வாறு இருமுறை இடம்மாறிய போதிலும், அப்பாதையில் ஏறி இறங்கிய மனிதர்களும் அவர்களுடைய அடுப்புகளும் அவ்வெல்லைகளைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

கூடலூருக்கும் நாடுகாணிக்கும் இடைப்பட்ட சாலையோரக் கடைகளில் எழுதிவைக்கப்படும் உணவுப் பலகையை ஒரு வரலாற்று ஆவணமாகப் படிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்து. இட்லி, தோசை, சாப்பாடு என்பவற்றுக்கு அருகிலேயே புட்டும் கடலைக்கறியும், பொறோட்டாவும் மாட்டிறைச்சி வறுவலும், பத்திரியும், கப்பையும் மீன்கறியும் இடம்பெறுவதைக் காணும் வெளியூர்ப் பயணி, அவற்றை 'இந்த ஊர் உணவு' என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை இந்த ஊரில் தோன்றியவை அல்ல. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு காரணங்களால், பெரும்பாலும் தம் விருப்பத்தைவிடத் தேவையின் உந்துதலால் இங்கு வந்து சேர்ந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்தவை. பயணி சுவைத்துப் பார்க்கும் புதுமை, அதைச் சமைப்பவருக்கு விட்டுவந்த வீட்டின் நினைவாக இருக்கிறது. எந்த உணவு எப்போது வந்தது என்று கேட்கத் தொடங்கினால், அப்பகுதியின் குடியேற்ற வரலாறு முழுவதும் அப்பலகையின் பின்னாலிருந்து வெளிவருகிறது.

வழியில் அயலார் சமைத்த உணவை உண்ணுதல் என்பது தமிழில் மிகப் பழைய பாடுபொருள். பரிசில் பெற்ற பாணரோ கூத்தரோ, இன்னும் பெறாதவரை வழிப்படுத்தும் பாங்கில் அமைந்த ஆற்றுப்படை நூல்கள், செல்லும் வழியை மட்டுமன்றி அவ்வழியில் எந்த நிலத்து மக்களிடம் எந்த உணவு கிடைக்கும் என்பதையும் விரிவாகக் கூறுகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் எயினரும் ஆயரும் உழவரும் தத்தம் நிலத்தில் விளைந்ததைச் சமைத்து அயலாருக்கு அளிக்கின்றனர். கூத்தராற்றுப்படை எனவும் வழங்கும் மலைபடுகடாம், மலைவாழ் மக்கள் தரும் உணவுகளுக்கிடையே மூங்கில் அரிசியையும் அவரை சேர்ந்த புளிங்கூழையும் குறிப்பிடுகிறது. அந்நூல் பாடும் நன்னனின் நாடு நீலகிரியைச் சார்ந்ததன்று; எனினும் மலைவழி செல்லும் அயலானுக்கு மலைவாழ் மக்களின் உணவே முதல் விருந்தாக இருந்தது என்னும் செய்தி, நாடுகாணியின் பிற்கால நிலையோடு ஒப்பிடத்தக்கது என்பதால் இங்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதாகிறது.

பின்வந்த நூற்றாண்டுகளில் இவ்விருந்தோம்பல் முறைக்கு மாறாக, பயணத்தின் இலக்கணமாகக் கட்டுச்சோறு நிலைபெற்றது. புளிச்சோற்றையும் தயிர்ச்சோற்றையும் வாழையிலையில் கட்டி எடுத்துச் செல்லும் வழக்கத்துக்குச் சிக்கனமும் கெடாத்தன்மையும் காரணங்களாகச் சொல்லப்பட்டாலும், அவற்றைவிட வலுவான காரணம் ஒன்று இருந்தது: யார் சமைத்ததை யார் உண்ணலாம், யாருக்கு அருகில் அமர்ந்து உண்ணலாம் என்பதைச் சாதி முறை வகுத்துவைத்திருந்தது. வழிப்போக்கருக்கென மன்னரும் வணிகரும் எழுப்பிய சத்திரங்களில்கூட உணவு வழங்கும் முறை இக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே பெரும்பாலும் நடந்தது. மலபாரின் பக்கத்தில் தொடுதல் மட்டுமன்றி நெருங்கி வருதலும் தீட்டாகக் கருதப்பட்டதால், பாதையில் நடப்பதே சிலருக்கு அனுமதிக்குரிய செயலாயிருந்தது. ஆதலால், அறியாத உணவை ஒருவர் துணிந்து சுவைப்பது என்பது நாவின் ஆர்வத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் இருக்கவில்லை. அவ்வுணவு இருக்கும் இடத்துக்குள் நுழையும் உரிமை அவருக்கு உண்டா, சமைத்தவரின் கையிலிருந்து வாங்குவதை அவருடைய ஊர் பொறுத்துக்கொள்ளுமா என்னும் கேள்விகள் அதற்கு முன்னால் நின்றன. கொச்சியில் செறாயி என்னும் ஊரில் 1917இல் சமூகச் சீர்திருத்தவாதி சகோதரன் ஐயப்பன் நடத்திய சமபந்தி உணவு, சில எளிய பண்டங்களைப் பல சாதியினர் சேர்ந்து உண்டது மட்டுமே என்றாலும், அதில் பங்கேற்றவர்கள் சாதிவிலக்குக்கு ஆளானதை நினைத்துப் பார்த்தால் இக்கேள்விகளின் கனம் விளங்கும். தமிழ்நாட்டில் இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் பிறருக்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் வழக்கம், பெரியாரும் அவருடைய இயக்கத்தினரும் நெடுங்காலம் எதிர்த்ததன் பின்னர் 1941இல்தான் கைவிடப்பட்டது.

நாடுகாணிப் பகுதிக்குப் புதிய உணவுகள் கூட்டமாக வந்துசேர்ந்தது தோட்டப் பயிர்களின் காலத்தில். 1840களில் ஆக்டர்லோனிப் பள்ளத்தாக்கில் தொடங்கிய காப்பிப் பயிர், மைசூர்ப் பக்கத்துக் கன்னடத் தொழிலாளரையும் கீழ்நாட்டுத் தமிழ்த் தொழிலாளரையும் மேஸ்திரிகள் வழியாக மலைக்கு இழுத்தது. மேஸ்திரி என்பவர் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து, வேலையிடத்தில் அவர்களை மேற்பார்ப்பவர். இவர்கள் கேழ்வரகையும் அரிசியையும் தம் வழக்கப்படி தாமே சமைத்து உண்டனர். உணவகம் என்று ஒன்று உருவாவதற்கு அது இடம் தரவில்லை. 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் தேவாலாவையும் பந்தலூரையும் பற்றிக்கொண்ட தங்க வேட்டை, இலண்டனில் கம்பெனிகளைத் தோற்றுவித்து, காட்டுக்கு நடுவே திடீர் ஊர்களை எழுப்பி, ஓரிரு ஆண்டுகளிலேயே அவற்றைக் கைவிட்டுச் சென்றது. அக்காலத்து ஐரோப்பியர் பயணிகள் பங்களாக்களிலும் தோட்டத் துரைமாரின் வீடுகளிலும் இந்தியச் சமையற்காரர்களின் கையால் உண்டனர். 'மிளகுத்தண்ணீர்' அவர்களுடைய நாவில் 'மல்லிகட்டானி'யாகி ஆங்கிலச் சூப்பாக மாறியதும், சென்னையில் பணியாற்றிய கென்னி ஹெர்பர்ட் என்னும் படையதிகாரி 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் 1878இல் சமையல் நூல் எழுதியதும் அவ்வுலகைச் சார்ந்தவை. அச்சமையல் பொதுச்சாலைக்கு இறங்கிவரவில்லை. துரைமார் போனதும் அதுவும் மலையின் மன்றங்களுக்குள்ளும் விடுதிகளுக்குள்ளும் ஒதுங்கிவிட்டது.

இவ்விடத்தில் பலரும் மறந்துவிட்ட ஒரு குடியிருப்பைக் குறிப்பிடாமல் கடந்து செல்வது முறையாகாது. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா மரங்கள் வளர்க்கப்பட்ட நடுவட்டத்தில், தென்கிழக்காசியாவின் பிரித்தானியக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகள் வேலைக்கு வைக்கப்பட்டிருந்தனர். தண்டனைக்காலம் முடிந்தபின் சிலர் ஊர் திரும்பாமல், நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினர் என்றும், காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பால் விற்று வாழ்ந்தனர் என்றும் இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்துள்ளார். அக்குடும்பங்களின் அடுப்பில் சீனமும் தமிழும் எவ்வாறு கலந்தன என்று அறிய இன்று வழியில்லை. நாடுகாணிக்கு இவ்வளவு அருகில் நடந்த அக்கலப்பு உணவுப் பலகையில் ஒரு சொல்லைக்கூட விட்டுச்செல்லாமல் மறைந்தது, இவ்வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் இழப்புகளுள் ஒன்று. உணவு நிலைபெற, அதைச் சமைப்பவர் எண்ணிக்கையிலும் இடத்திலும் நிலைபெற்றிருக்க வேண்டும் என்பதை இவ்வொரு குடியிருப்பின் கதையே போதுமான அளவு காட்டுகிறது.

அவ்வாறு நிலைபெற்றவர்கள் கணவாயின் கீழிருந்து வந்த மாப்பிள்ளைமார். அதாவது மலபாரின் முஸ்லிம்கள். ஏறநாட்டிலிருந்து வியாபாரிகளாகவும் வண்டிக்காரராகவும் மரத்தொழிலாளராகவும் மலையேறிய அவர்கள், சாலை சென்ற இடமெல்லாம் கடையையும் கொண்டுசென்றனர். ஷொர்ணூரிலிருந்து நிலம்பூருக்குப் போடப்பட்ட இரயில் பாதை 1927இல் முழுமை பெற்றபின், மலையடிவாரம் கடற்கரைச் சந்தைகளோடு நெருக்கமாக இணைந்தது. இப்போக்குவரத்தின் இடையில் 'சாயக்கடை' முளைத்தது. ஓலை வேய்ந்த கூரை, இரண்டு மரப்பலகை இருக்கைகள், ஓயாமல் கொதிக்கும் செம்புப் பாத்திரம், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய பலகாரங்கள் ஆகியவையே அதன் உடைமை. இப்பலகாரங்களை மலையாளத்தில் 'கடி' என்பர். சாயாவோடு கடித்துக்கொள்ள உதவுவது என்பது அதன் பொருள். நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி, பருப்புவடை, உள்ளிவடை முதலியன இதில் அடங்கும். தமிழகத்திலேயே மிகுந்த மழை பெறும் ஊர்களுள் ஒன்றாகிய தேவாலாவை அடுத்த இப்பகுதியில், பருவமழையில் நனைந்து வருபவருக்குச் சூடான நீரும் பொரித்த பண்டமும் எத்தகைய ஆறுதல் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சாயக்கடையின் பெருமை அதன் பண்டங்களில் மட்டும் அடங்கியிருக்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் காட்டியுள்ளபடி, தமிழ்நாட்டில் காப்பி நடுத்தர வகுப்பின், குறிப்பாகப் பிராமணரின், அடையாளமாக உயர்த்தப்பட்டபோது, தேநீர் உழைப்பாளரின் பானமாகக் கீழே வைக்கப்பட்டது. 'பிராமணாள் காப்பி கிளப்' என்னும் பெயர்ப்பலகை யார் உள்ளே வரலாம் என்பதையும் சேர்த்தே அறிவித்தது. மலைப்பாதையின் சாயக்கடைக்கு அத்தகைய அறிவிப்பு இருக்கவில்லை. காசு கொடுப்பவர் எவராயினும் குடிக்கலாம் என்னும் வணிக ஒழுங்கு, வேறெந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவையும்விட ஓசையின்றித் தன் வேலையைச் செய்தது. 1930களில் மலபாரெங்கும் சாயக்கடைகள் நாளிதழ் வாசிப்புக்கும் அரசியல் பேச்சுக்கும் உரிய இடங்களாகியிருந்தன. இருப்பினும் இதனை மிகைப்படுத்திக் கூறுவது உண்மைக்கு நேர்மையாகாது. தனிக் குவளை முறை தமிழகத்துத் தேநீர்க் கடைகளில் சட்டம் தடைசெய்த பின்னும் பல ஊர்களில் நீடித்தது. எல்லாச் சாதியினரும் ஒரே பலகையில் அமர்வது எங்கும் ஒரே நாளில் நிகழவில்லை.

பானத்தின் பெயரே இப்பகுதியில் மூன்று பயணங்களின் கதையைச் சொல்கிறது. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் 'தே' என வழங்கிய சொல் கடல்வழி வணிகத்தின் மூலம் ஐரோப்பாவுக்குச் சென்று 'டீ'யாகத் திரும்பிவந்தது; தமிழின் 'தேயிலை', 'தேநீர்' ஆகியவற்றின் முதலெழுத்தும் அதுவே. 'சா' என்னும் மற்றொரு சீன ஒலிப்பு வேறு வணிக வழிகளில் பரவி இந்தியில் 'சாய்' ஆகவும் மலையாளத்தில் 'சாய' ஆகவும் நின்றது. இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழர் 'தேத்தண்ணி' என்றும், பால் சேராததைச் 'சாயத்தண்ணி' அல்லது 'பிளேன்டீ' என்றும் சொல்வர். அதையே அடுத்த இருக்கையில் இருப்பவர் 'கட்டன்' என்பார். பாலற்ற தேநீரில் எலுமிச்சை பிழிந்து, சில வேளைகளில் ஏலமும் சேர்த்தால் அது 'சுலைமானி'. விருந்துண்ட பின் செரிமானத்துக்காக மாப்பிள்ளைமார் அருந்தும் இப்பானத்தை, பால் தீர்ந்துபோனதால் கொடுத்த பானம் என்று முதன்முறை வருபவர் தவறாக எண்ணிவிடுவது உண்டு.

கீழ்நாட்டிலிருந்து, அதாவது கோயம்புத்தூர், ஈரோடு, சேலம் பக்கங்களிலிருந்து வரும் தமிழ்ப் பயணிக்கு இங்கு முதலில் அந்நியமாகப்படுவது உணவின் வடிவத்தைவிட அதன் மணம். நல்லெண்ணெய்க்கும் கடலையெண்ணெய்க்கும் பழகிய மூக்குக்குத் தேங்காயெண்ணெயில் தாளித்த கறி சற்று அந்நியமாகவே தோன்றும். அடுத்து, குடிநீர் இளஞ்சிவப்பாக வரும். பதிமுகம் என்னும் மரத்தின் சீவலிட்டுக் கொதிக்கவைத்ததால் வந்த நிறம் அது. சோறும் செம்மை படர்ந்த, பருத்த மட்ட அரிசிச் சோறாக இருக்கும். புட்டு தமிழருக்குப் புதிதன்று. மதுரையில் வந்திக் கிழவியின் பிட்டுக்காக இறைவன் மண் சுமந்த திருவிளையாடல் அனைவரும் அறிந்தது. ஆயினும் வீட்டில் சர்க்கரையும் தேங்காயும் கலந்து இனிப்பாக உண்டதையே, குழாயில் உருளையாக வேகவைத்து, கருங்கடலைக் குழம்போடு உறைப்பாகக் காலை உணவாக வைக்கும்போது, அறிந்த பொருளே அறியாத பொருளாகிவிடுகிறது. முற்றிலும் புதிய உணவைவிட, பாதி அறிமுகமான உணவே பயணியை அதிகமாகத் தடுமாறவைக்கும் என்பது இப்பாதையில் நன்கு புலப்படும்.

பிரியாணியின் செய்தியும் அத்தகையதே. திண்டுக்கல், ஆம்பூர் வழக்கங்களுக்குப் பழகியவர் அரிசியும் இறைச்சியும் ஒன்றாக வெந்து காரம் ஏறிய சோற்றை எதிர்பார்க்க, மலபார் முறையில் நெய்ச்சோறும் மசாலாவும் தனித்தனியே ஆக்கப்பட்டு, அடுக்கடுக்காகப் பரப்பி 'தம்' இடப்படுகின்றன; உறைப்பு சோற்றில் இல்லாமல் அடியில் இருக்கிறது. இதற்கு உகந்த ஜீரகசால என்னும் குறுமணி அரிசியும், அதனினும் மணம் மிக்க கந்தகசால அரிசியும் வயநாட்டு வயல்களுக்கே உரியவை. 2010இல் புவிசார் குறியீடு பெற்ற இவ்விரண்டில் கந்தகசாலவை வயநாடன் செட்டி என்னும் வேளாண் சமூகத்தினர் தலைமுறைகளாகப் பேணிவந்துள்ளனர். கடற்கரையில் அரபு வணிகத் தொடர்பில் வளர்ந்த ஒரு சமையல், மலைமேல் விளைந்த நெல்லால் நிறைவு பெற்றது என்பது இக்கணவாய் வழியின் பெரிய கொடைகளுள் ஒன்று. அரிசி மாவில் மெல்லியதாகத் தட்டிச் சுடும் பத்திரியின் பெயர்கூட அரபுச் சொல்லோடு தொடர்புபடுத்திப் பேசப்படுகிறது.

கப்பை எனப்படும் மரவள்ளிக்கிழங்கு வேறொரு திசையிலிருந்து வந்தது. தென்னமெரிக்காவில் தோன்றிய இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஏழைகளின் உணவாகப் பரப்பினார். இரண்டாம் உலகப்போரில் பர்மா சப்பானியர் வசமாகி அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூர் மக்களைப் பெருமளவு காத்தது அதுவே. நிலம் தேடி வடக்கு நோக்கிப் பெயர்ந்த திருவிதாங்கூர்க் குடியேறிகள், பெரும்பாலும் சிரியன் கிறித்தவர்கள், வயநாட்டிலும் கூடலூர்ப் பக்கத்திலும் காட்டைத் திருத்தியபோது முதலில் ஊன்றியது கப்பைத் தண்டு. மலேரியாவும் காட்டு விலங்குகளும் சூழ்ந்த ஆண்டுகளில் வயிற்றை நிரப்பிய பொருள், இன்று மீன்கறியோடு சேர்த்துச் சுற்றுலாப் பயணியின் விருப்ப உணவாகப் பலகையில் இடம்பெற்றிருக்கிறது.

இவ்வருகைகளுள் அளவிலும் துயரிலும் பெரியது இலங்கையிலிருந்து வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்தோர், அந்நாடு விடுதலை பெற்றதும் குடியுரிமை இழந்தனர். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 பேரின் வாழ்வை எண்களாகப் பங்கிட்டது: 5,25,000 பேரை இந்தியா ஏற்க, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தர, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அரசின் மொழியில் 'தாயகம் திரும்பியோர்' என்று அழைக்கப்பட்ட இம்மக்களுள் பெரும்பாலோருக்கு இந்தியா முன்னர்க் கண்டிராத நாடு. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கி, அங்கிருந்து பல திசைகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கப்பட்டு 1976இல் கழகமாக மாற்றப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் ஆகிய இடங்களில் புதிய தேயிலைப் பரப்பை உண்டாக்கியது. 'டான்டீ' என்று இன்று அனைவரும் அறிந்த அக்கழகத்தின் குடியிருப்புகளில்தான் நாடுகாணியைச் சூழ்ந்த பகுதியின் மலையகத் தமிழ் வாழ்க்கை வேரூன்றியது. இலங்கையில் 'லயம்' என்று வழங்கிய தொழிலாளர் வரிசை வீடு, இங்குள்ள தோட்ட வழக்கில் 'பாடி' எனப்பட்டது; வந்தவர்கள் இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டனர்.

அவர்கள் கொண்டுவந்த உணவின் மையம் ரொட்டி. தமிழகத்துப் பரோட்டாவோடும் வடநாட்டுச் சப்பாத்தியோடும் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோதுமை மாவில் தேங்காய்த் துருவலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையால் தடிப்பாகத் தட்டி, எண்ணெய் அதிகமின்றிக் கல்லில் சுடுவது இது. விடியலில் கொழுந்து பறிக்கச் செல்லும் பெண் ஒருத்தி விரைவாகச் செய்துகொள்ளவும், துணியில் சுற்றி மலைமேல் கொண்டுசெல்லவும், நண்பகல் வரை பசி தாங்கவும் ஏற்றது. தோட்டப் பங்கீட்டில் கிடைத்த கோதுமை மாவே இதன் அடிப்படை. அரிசியுண்ட மக்கள் மாவுக்குப் பழகியது சுவையின் தேர்வால் அன்று. 1973, 1974 ஆண்டுகளில் இலங்கையில் உணவுத் தட்டுப்பாடு கடுமையானபோது தோட்டங்களில் பட்டினியால் மக்கள் மடிந்ததையும், அந்நினைவோடு பலர் கப்பலேறியதையும் மறந்துவிட்டு இந்த ரொட்டியைப் பற்றி எழுத இயலாது. அதற்குத் துணையாக வருவது சம்பல்: தேங்காய்த் துருவல், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு ஆகியவற்றை இடித்து எலுமிச்சை பிழிந்தது. மாலைத்தீவுப் பக்கத்திலிருந்து வரும் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ந்தால் அதன் சுவை வேறாகும். 'பொல் சம்பல்' என்னும் பெயரில் உள்ள 'பொல்' சிங்களத்தில் தேங்காய் என்று பொருள்படும் சொல். குடியுரிமை மறுத்த நாட்டின் மொழி, சமையலறையில் இவ்வாறு அன்போடு தங்கிவிட்டது. தேங்காய்ப்பாலில் செய்யும் சொதியோ, திருநெல்வேலிச் சொதியோடு பெயரையும் உறவையும் பகிர்ந்துகொண்டு, பழைய ஊருக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட நீண்ட தொடர்பை நினைவூட்டுகிறது.

வியப்புக்குரியது என்னவெனில், இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வந்த மக்களின் உணவு கடைப் பலகையில் மிகக் குறைவாகவே ஏறியது. தமிழ்நாடெங்கும் உணவகங்களில் 'சிலோன் பரோட்டா' என்று விற்கப்படுவது, முட்டையும் இறைச்சியும் உள்ளே வைத்துச் சதுரமாக மடித்த வேறொரு பண்டம். அதற்கும் மலையகத் தோட்ட ரொட்டிக்கும் பெயரளவில்தான் தொடர்பு. இதன் காரணம் உணவின் தன்மையில் இல்லை. மாப்பிள்ளைமார் வணிகராக வந்தனர். கடை அவர்களுடைய தொழில். தாயகம் திரும்பியோர் நாட்கூலித் தொழிலாளராக வைக்கப்பட்டனர். கடைவைக்க முதலும் இல்லை, சாலையோரத்தில் நிலமும் இல்லை. ஜன்மம் எனப்படும் பரம்பரை நில உரிமையின் சிக்கல்களால், அவ்வுரிமையை ஒழிக்க 1969இல் சட்டம் இயற்றப்பட்ட பின்னும், கூடலூர்ப் பகுதியில் எளியவர் ஒருவர் தம் பெயரில் ஒரு துண்டு நிலம் பெறுவது நெடுங்காலம் கடினமாகவே இருந்தது. ஒரு மக்களின் உணவை அயலார் சுவைப்பதற்கு, அம்மக்களுக்கு முதலில் ஒரு கதவும் அதற்கொரு சாலையும் வேண்டும்.

சாலையும் எப்போதும் ஒரே நிலையில் இருப்பதில்லை. பந்திப்பூர்க் காட்டுவழியில் இரவுப் போக்குவரத்து 2009இல் தடைசெய்யப்பட்டதும், மைசூர்ப் பக்கம் செல்லும் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இரவு உணவின் நேரமும் இடமும் மாறின. 2019 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் நிலம்பூருக்கு அருகே கவளப்பாறையில் மலை சரிந்து பலர் புதையுண்ட நாட்களில், கணவாய்ச் சாலையும் உடைந்து போக்குவரத்து நின்றது. கீழிருந்து வரும் மீனையும் தேங்காயையும் நம்பிய ஓர் அடுப்பு, சாலை நின்றால் தானும் நிற்கிறது.

இப்பலகையில் முற்றிலும் காணப்படாதவை, இந்நிலத்தில் மிக முன்பிருந்தே வாழும் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர் ஆகியோரின் உணவுகள். பணியர் வயல்களில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு உழைத்தவர்கள். மானந்தவாடிக்கு அருகிலுள்ள வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஓராண்டு வேலைக்கு அவர்களை உடன்படுத்தும் வழக்கம் இருந்தது. கூலியாக அளக்கப்பட்ட நெல்லை 'வல்லி' என்பர். அந்த நெல் போதாதபோது வயல்வரப்பின் கீரைகளும் ஓடையின் சிறுமீனும் நண்டும் குழம்பாயின. காட்டுநாயக்கர் தேனும், நூரை, கவலை முதலிய காட்டுக்கிழங்குகளும் திரட்டினர். கிழங்கைத் தோண்டியபின் கொடியின் தலையை மீண்டும் மண்ணில் புதைத்துவிட்டு வருவது அவர்களுடைய ஒழுங்கு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆனால் வயல்கள் தேயிலைக்கும் பாக்குக்கும் வாழைக்கும் மாறிய பின் கீரை முளைக்கும் வரப்பும் நண்டு ஒளியும் சேறும் குறைந்துபோயின. கூடலூர்ச் சாலையோரக் கடைகளில் இன்று மூங்கில் அரிசி பொதியாகக் கட்டி மருத்துவக் குணம் சொல்லி விற்கப்படுகிறது. மலைபடுகடாம் விருந்துணவாகக் குறித்த அப்பொருள், நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னும் அளவில் பூத்து மடியும் மூங்கிலின் விதை. அதைக் காட்டில் கூட்டிப் பெருக்கி எடுத்தவர் யார் என்பதைப் பொதியின் மேல் எழுதுவதில்லை.

பணியத் தொழிலாளர் இன்று அதே சாயக்கடைப் பலகையில் அமர்ந்து பொறோட்டா உண்கின்றனர். முந்திய தலைமுறைக்கு மறுக்கப்பட்ட அந்த இருக்கை சிறிய வெற்றியன்று. ஆனால் எதிர்த்திசையில் பயணம் நடைபெறவில்லை. அவர்கள் வீட்டு நண்டுக்கறியை நாடுகாணிக்கு வரும் பயணி எவரும் விலைகொடுத்து வாங்கிவிட முடியாது. மழைக்காலத்தில் எஞ்சியிருக்கும் வயலில் நீர் நிற்கும்போது பெண்களும் பிள்ளைகளும் இறங்கிப் பிடித்து, அன்றே இடித்துச் சமைத்து, அன்றிரவே வீட்டாருக்குள் தீர்ந்துவிடுவது அது.